விடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள்

துறையூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள், இல்லையென்றால் அவர்களைப் பெற்றவர்கள். என் மகளும் இந்த வருடம் பத்தாம் வகுப்பு, அரசுப் பள்ளியில். நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். என் மனைவி எட்டாவதோடு நின்றுவிட்டாள். அதனால், அப்பா அம்மா உட்கார்ந்து பிள்ளைக்குப் பாடம் நடத்துகிற கதை எதுவும் இதில் இல்லை. அது எங்களால் ஆகாது. ஐந்தாவது, ஆறாவது வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு கேட்டோம், டிக்டேஷன் போட்டோம். ஒன்பதாவது கணக்குப் புத்தகத்தில் கணமொழி, முக்கோணவியல் என்று ஆரம்பித்ததும் என் சரக்கு தீர்ந்துபோனது.

பாடம் தெரியாத பெற்றோர் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும் என்று கடையில் நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்பது பெரும்பாலும் டியூஷன் எங்கே நன்றாக இருக்கும், எந்த கைடு வாங்கலாம் என்ற வடிவத்தில் வரும். நான் சொல்கிற பதில் ஒன்றுதான். மார்க் அட்டையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முழுசாகப் பாருங்கள். கணக்கு தெரிய வேண்டியதில்லை, சிவப்பு மை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்கக் கண் இருந்தால் போதும்.

காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் பேப்பர் கொடுக்கிற வாரத்தில் என் கடையில் நின்றால் தெரியும். மார்க் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாக்கள் பிள்ளைகளை நடுரோட்டில் திட்டுவார்கள். "கணக்குல 41, சயின்ஸ்ல 47, போன மாசம் உனக்கு டியூஷனுக்கு எவ்வளவு கட்டினேன் தெரியுமா?" பையன் தலையைக் குனிந்து நிற்பான். அவனிடம் பையில் விடைத்தாள் இருக்கும், அதை யாரும் கேட்க மாட்டார்கள். 41 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அவனாலும் ஒன்றும் செய்ய முடியாது, அப்பாவாலும் முடியாது. மிச்சம் 59 எங்கே போனது என்பதுதான் விஷயம்.

என் மகளுக்குக் காலாண்டில் கணக்கில் 58. ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷின் கண்ணாடி மேலேயே விடைத்தாளைப் பரப்பி இருவரும் பார்த்தோம். அவள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். திட்டு விழும் என்று நினைத்திருப்பாள். நான் ஒரு பழைய ரசீது புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டு, "போன மார்க்கை மட்டும் எண்ணலாம், எது எதுக்குப் போச்சுன்னு நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றேன்.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பைத் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 100. ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க் கேள்வி 14 கொடுத்திருப்பார்கள், அதில் 10 எழுத வேண்டும், 28-ஆவது கேள்வி கட்டாயம். ஐந்து மார்க்கும் அப்படியே, 14-இல் 10, 42-ஆவது கட்டாயம். கடைசியில் எட்டு மார்க் இரண்டு: ஒன்று வடிவியல், இன்னொன்று வரைபடம். ஒவ்வொன்றிலும் 'அல்லது' உண்டு. தேர்ச்சிக்கு 35. ஆக, வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 என்பது தேர்ச்சி மார்க்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கணக்கே வராது என்று முடிவு கட்டிய பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் முதலில் அதைத்தான் பிடிக்கச் சொல்வார்கள்.

எங்கள் ரசீது புத்தகக் கணக்கு இப்படி வந்தது. ஒரு மார்க்கில் 4 போயிருந்தது. அதில் இரண்டு இடத்தில் விடை சரி, ஆனால் 'ஆ' என்று எழுத்தை மட்டும் எழுதியிருக்கிறாள். கேள்வித்தாளிலேயே குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுதச் சொல்லி அச்சடித்திருக்கிறது. எட்டு மார்க் கேள்விகளில் 7 போயிருந்தது. முக்கோணம் வரைகிற கணக்கு: அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 டிகிரி, உச்சியிலிருந்து வருகிற நடுக்கோடு 5.8 செ.மீ. என்று கொடுத்திருந்தார்கள். அவள் முக்கோணத்தை அருமையாக வரைந்திருந்தாள், நான் காம்பஸ் பிடித்தால் அந்த அழகு வராது. ஆனால் உதவிப்படம் போடவில்லை. வரைபடத்தில் புள்ளிகள் எல்லாம் சரி, வளைவு சரி, வலது மூலையில் அளவுத்திட்டம் எழுதவில்லை. தீர்வு என்ன என்று கடைசி வரி எழுதவில்லை. இயற்கணிதத்தில் கூட்டல் கழித்தல் குறி மாறி 9 போயிருந்தது, பெரும்பாலும் ஒரே மாதிரியான இடத்தில், அடைப்புக்குறியைப் பிரிக்கும்போது. தொடர்வரிசையில் வாக்கியக் கணக்குகளைத் தொடவே இல்லை, அதில் 15. மிச்சம் 7 அங்கே இங்கே சில்லறையாக.

இப்போது பாருங்கள். 42 மார்க் போனது என்று சொன்னால் 'கணக்கு வரவில்லை' என்று ஆகிவிடுகிறது. பிரித்துப் பார்த்தால் அவளுக்கு உண்மையிலேயே தெரியாதது அந்த வாக்கியக் கணக்குகள் மட்டும்தான். குறி மாறுவது பழக்கக் கோளாறு. மற்றதெல்லாம் எழுதும் முறை, ஒருமுறை சொன்னால் திருத்திக்கொள்ளக் கூடியது. நான் ஒரு கணக்கும் சொல்லித் தரவில்லை, எனக்கு அது தெரியவும் தெரியாது. ஆனால் முக்கால் மணி நேரத்தில் இருவருக்கும் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. திட்ட வேண்டிய தேவையும் வரவில்லை.

அறிவியலிலும் இதே மாதிரி செய்யலாம், அங்கே கணக்கு வேறு. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறை மார்க் ஆசிரியர் கையில் இருக்கிறது, எப்படியும் போட்டுவிடுவார் என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். ரெக்கார்டு நோட்டைக் கடைசி வாரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வாங்கி ராத்திரியோடு ராத்திரியாகப் படம் வரைந்து தள்ளுவதை வருடா வருடம் பார்க்கிறேன். சோதனை நடந்த வாரமே எழுதிவிட்டாளா என்று கேட்பதற்குப் பெற்றவருக்கு அறிவியல் தெரிய வேண்டியதில்லை.

வாக்கியக் கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். அது வராததற்குக் காரணம் கணிதம் என்று நான் நினைத்திருந்தேன். ஆசிரியரிடம் கேட்டபோது அவர் வேறு சொன்னார். "கேள்வியை முழுசா படிக்கிறதே இல்லைங்க. எண்ணைப் பார்த்ததும் ஃபார்முலாவுக்குப் போயிடறாங்க." அதனால் வீட்டில் ஒரு வேலை செய்தோம். தினமும் ஒரே ஒரு வாக்கியக் கணக்கை அவள் உரக்கப் படிக்க வேண்டும். கணக்கைப் போட வேண்டாம், என்ன கொடுத்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று அவள் அம்மாவுக்குச் சொன்னால் போதும். என் மனைவி மாலையில் பூக் கட்டுவாள். கை பாட்டுக்கு வேலை செய்யும், காது சும்மாதான் இருக்கும். "அரங்கத்துல முதல் வரிசையில 20 சீட்டுன்னா, அடுத்தடுத்த வரிசையில ரெண்டு ரெண்டு கூடுதுன்னா, அப்ப 30 வரிசைக்கு எவ்வளவு சீட்டுன்னா கேக்கறான்?" என்று இவள் திருப்பிக் கேட்பாள். இவள் திருப்பிக் கேட்கிற விதத்திலேயே மகளுக்குப் பாதி புரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் நடக்கிற படிப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். எட்டாவது படித்த அம்மாவுக்குப் பத்தாவது படிக்கிற மகள் பாடம் நடத்துகிறாள். தமிழ்த் தேர்வில் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதச் சொல்வார்கள். அசை பிரித்து, நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று ஒவ்வொரு சீருக்கும் எழுத வேண்டும். கடைசிச் சீருக்கு மட்டும் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்று. பெரும்பாலான பிள்ளைகள் இதை நெட்டுருப் போடுகிறார்கள், புதிய குறள் வந்தால் விழிக்கிறார்கள். மகள் 'அகர முதல' குறளை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அகர, நிரை நேர், புளிமா. முதல, அதுவும் புளிமா. எழுத்தெல்லாம், புளிமாங்காய். ஆதி, தேமா. இப்படியே வந்து கடைசியில் உலகு, பிறப்பு என்றாள்.

"மலர்னு ஏன் சொல்லக் கூடாது? அதுவும் ரெண்டு எழுத்து சேர்ந்துதானே ஆரம்பிக்குது" என்று கேட்டாள் என் மனைவி, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மகள் ஒரு நிமிடம் வாயடைத்துப் போனாள். அப்புறம் புத்தகத்தைப் புரட்டி, உல என்பது நிரை, அதன் பின்னால் கு என்ற உகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் பிறப்பு, வெறும் நிரை மட்டும் இருந்தால்தான் மலர் என்று கண்டுபிடித்துச் சொன்னாள். அந்தக் கேள்வியை வகுப்பில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எனக்கும் தோன்றியிருக்காது. தெரியாதவர்கள் கேட்கிற கேள்விக்கு அந்த வலு உண்டு. மின்னோட்டவியல் பாடம் நடந்தபோதும் இப்படித்தான், கோயில் திருவிழாவில் சீரியல் பல்பு ஒன்று போனால் ஒரு வரிசையே அணைந்துவிடுகிறதே, வீட்டில் ஒரு பல்பு போனால் மற்றது எரிகிறதே என்று இவள் கேட்க, தொடரிணைப்பும் பக்க இணைப்பும் மகளுக்கு அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

'எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயே படிச்சுக்கோ' என்று ஒதுங்கிவிடுகிற அம்மாக்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். சொல்லித் தர ஆள் பள்ளியில் இருக்கிறார்கள். பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டு, தன் வாயால் சொல்லிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அது வீட்டில்தான் கிடைக்கும். திரும்பத் திரும்பப் பார்த்துப் படித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் என்ன தெரியும் என்று தெரியும்.

நோட்ஸ் விஷயத்தில் என் வயிற்றில் நானே அடித்துக்கொள்கிறேன். "அண்ணே, கிளாஸ் ஃபர்ஸ்ட் பையனோட நோட்டு, முழுசா முன்பின் போட்டு ஸ்பைரல் பண்ணிக் குடுங்க" என்று அம்மாக்கள் வருவார்கள். போட்டுக் கொடுப்பேன், வியாபாரம்தானே. ஆனால் அந்த நோட்டை எழுதியவனுக்கு எழுதும்போதே பாடம் ஏறிவிட்டது. நகல் வாங்கியவனுக்கு நல்ல அட்டை போட்ட ஒரு புத்தகம் கூடுதலாகச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஸ்பைரல் போட்டுக் கொடுத்த அதே நோட்டு பொதுத் தேர்வு முடிந்ததும் பக்கத்து பழைய பேப்பர் கடையில் மடிப்புக் கலையாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நகல் எடுக்க வேண்டுமென்றால் பழைய கேள்வித்தாள்களை எடுங்கள். முந்தைய ஆண்டுத் தாள்கள், திருப்புதல் தேர்வுத் தாள்கள். அதை மணி பார்த்து எழுத வையுங்கள். பொதுத் தேர்வு காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் முதல் பத்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க, பத்தேகாலில் இருந்து மூன்று மணி நேரம் எழுத. அந்தப் பத்து நிமிடத்தில் எதை விடுவது, எதை முதலில் எழுதுவது என்று முடிவு செய்யப் பழக வேண்டும். மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுவதே ஒரு பழக்கம். அந்த நேரத்தில் டிவியை அணைத்து, வருகிற விருந்தாளியை வாசலிலேயே பேசி அனுப்புவதுதான் நம் வேலை.

டியூஷன் பற்றிச் சொல்லாவிட்டால் விட மாட்டார்கள். எங்கள் ஊரில் பத்தாவது பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே காலையும் மாலையும் சிறப்பு வகுப்பு உண்டு. மாலை ஐந்தரைக்கு அது முடியும். அங்கிருந்து நேராக டியூஷனுக்குப் போனால் வீட்டுக்கு வர ஒன்பது. அப்புறம் சாப்பாடு, வீட்டுப்பாடம். அந்தப் பிள்ளை தானாக எப்போது படிக்கும்? நாள் முழுக்க யாரோ சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தால் படித்த திருப்தி வரும், படிப்பு வராது. நாங்கள் கணக்குக்கு மட்டும், வாரத்தில் சில நாள் அனுப்புகிறோம். ஐந்து பாடத்துக்கும் அனுப்பச் சொல்லி உறவினர்கள் நச்சரிக்கிறார்கள். அனுப்பப் போவதில்லை.

சிறப்பு வகுப்புக்கு நிற்கிற பிள்ளைகளுக்கு நாலு மணிக்குப் பசி எடுக்கும். மதியம் சாப்பிட்டது ஒரு மணிக்கு முன்னால். அந்தப் பசியோடு அறிவியல் கேட்டால் எதுவும் காதில் விழாது. ஒரு டப்பாவில் சுண்டலோ, அவித்த கடலையோ, ரெண்டு வாழைப்பழமோ காலையிலேயே பையில் வைத்துவிடுங்கள். டியூஷன் ஃபீஸைவிட இது மலிவு, பலனும் அதிகம் என்பது என் கட்சி.

தூக்கத்தில் எனக்கும் என் அம்மாவுக்கும் ஒத்துப்போவதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது அவர் நம்பிக்கை; அப்படித்தான் என்னை எழுப்பினார். பதினைந்து வயதில் தூக்கம் ராத்திரி தாமதமாகத்தான் வரும், அது உடம்பின் இயல்பு, சோம்பேறித்தனம் இல்லை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் கணக்கு உதைக்கிறது அல்லவா. எங்கள் வீட்டில் பத்தரைக்கு விளக்கு அணையும், ஆறு மணிக்கு எழுந்தால் போதும். அதுவே எட்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவுதான். பாட்டி இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

போன் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம் இருக்கிறது. வகுப்பு வாட்ஸப் குரூப் என் எண்ணில்தான் இருக்கிறது. வீட்டுப்பாடம் படமாக வந்தால் கடையிலேயே அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன், அதற்காக அவள் போனைத் தொட வேண்டியதில்லை. கடை வைத்திருப்பதில் உள்ள வசதி அது. எல்லாருக்கும் அப்படி முடியாது, தெரியும். பாடப் புத்தகத்திலேயே கியூஆர் கோடு இருக்கிறது, ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சி 2019-இல் இருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் பார்க்கும்போது கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளையின் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு நாம் அதே கூடத்தில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால் என்ன மரியாதை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்களைப் பார்க்கப் போவதைப் பற்றி. பெரும்பாலானவர்கள் ஜனவரியில் போகிறார்கள், திருப்புதல் தேர்வில் அடி விழுந்த பிறகு. அப்போது ஆசிரியராலும் செய்ய அதிகம் இல்லை. ஆகஸ்டிலோ காலாண்டு முடிந்த கையோடோ போங்கள். போய், "எப்படி சார் படிக்கிறா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க, இன்னும் முயற்சி பண்ணணும்" என்றுதான் பதில் வரும். ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர் வேறென்ன சொல்வார்? விடைத்தாளைக் கையில் கொண்டு போங்கள். இந்த இடத்தில் ஏன் மார்க் போனது, இதற்கு எந்தப் பயிற்சியைப் போடச் சொல்லட்டும் என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டபோது எங்கள் கணக்கு ஆசிரியர் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, அதில் காரணிப்படுத்துதல் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு வரச் சொன்னார். அடைப்புக்குறியில் குறி மாறுவதன் வேர் அங்கே இருந்தது.

இந்த ஒன்பதாம் வகுப்பைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. எட்டாவது வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை, பத்தாவதில் பொதுத் தேர்வு, நடுவில் ஒன்பதாவது சும்மா என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சில பள்ளிகளில் ஒன்பதாவதின் பாதியிலேயே அந்தப் புத்தகத்தை ஓரம் கட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். பெற்றோருக்கு அது பெருமையாகவும் இருக்கிறது. "இப்பவே டென்த் போர்ஷன் போயிட்டிருக்காங்க" என்பார்கள். ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், இரண்டு மாறிச் சமன்பாடு, எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒன்பதாவதில்தான் இருக்கிறது. அதைத் தாண்டிப் போன பிள்ளை பத்தாவது பாடத்தையே ஒன்றரை வருடம் மனப்பாடம் செய்யும், பதினொன்றாவதில் போய்ப் படுத்துவிடும். உங்கள் பிள்ளை ஒன்பதாவது படித்தால், அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாடம் வரை நடத்தினார்களா என்று மட்டும் பாருங்கள்.

பள்ளியை மாற்றுகிற யோசனையும் இந்த நேரத்தில்தான் வரும். ஒன்பதாவதில் நல்ல தனியார் பள்ளியில் போட்டால் பிள்ளை தேறிவிடும் என்று. எங்களுக்கும் சொன்னார்கள். மாற்றுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதற்கு ஆறாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் இரண்டு வருடம் வெளியே போய்த் திரும்பி வந்தால் அது போய்விடும். பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தாள் என்பதைப் பார்க்கிறது. பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று 2024-இல் அதே மாதிரி வந்திருக்கிறது. கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்த்து மாற்றியவர்கள் பிறகு என் கடையில் படிப்புச் சான்றிதழை நகல் எடுக்கும்போது புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். எட்டாவதில் பிள்ளை இருந்தால் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வைக் கண்டிப்பாக எழுத வையுங்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்து, குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பதாவதில் இருந்து பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம், நான்கு வருடத்துக்கு 48,000. பள்ளியில் சொல்வார்கள், பிள்ளை வீட்டில் சொல்ல மறந்துவிடும்.

மார்க்கை வைத்துப் போட்டி போடுவதை அரசு நிறுத்தப் பார்த்தது. 2017-இல் இருந்து மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதில்லை. ஆனால் என் கடைக்கு நாலு கடை தள்ளி ஃபிளக்ஸ் அடிக்கிறவருக்கு மே மாதம் தூங்க நேரம் இருக்காது. சொந்தக்காரர்களும் ஃபிளக்ஸுக்குச் சளைத்தவர்கள் இல்லை. "எவ்வளவு மார்க் எடுப்பே?" என்று பிள்ளையைக் கேட்கிறவர்களுக்கு நான் முந்திக்கொண்டு, "ரிசல்ட் வந்ததும் கேளுங்க மாமா" என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கும் கேள்வி கேட்கிறவருக்கும் நடுவில் நிற்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான்.

பத்தாவதுக்குப் பிறகு என்ன குரூப் என்ற பேச்சை ரிசல்ட் வந்த அன்றைக்கு ஆரம்பிக்காதீர்கள். மார்க் நிறைய வந்தால் பயாலஜி, குறைந்தால் காமர்ஸ் என்பது என்ன கணக்கோ. என் மகளுக்குக் கணக்குப் பதிவியல் பிடிக்கும்போல் இருக்கிறது. கடைக் கணக்கை மாதக் கடைசியில் அவள்தான் சரிபார்க்கிறாள், டோனர் செலவை நான் எங்கே விட்டேன் என்று கண்டுபிடிப்பதில் ஒரு சந்தோஷம் அவளுக்கு. பாலிடெக்னிக் போனால் மூன்று வருட டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு பி.இ. சேரலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. 2025-இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டது. அதனால் பதினொன்றாவதும் ஒன்பதாவது மாதிரி 'சும்மா' ஆகிவிடுமோ என்று எனக்கு ஒரு கவலை இருக்கிறது.

ரிசல்ட்டில் ஏதாவது பாடம் போய்விட்டால் சில வாரத்திலேயே துணைத் தேர்வு உண்டு, எழுதித் தேறினால் அந்த வருடமே பதினொன்றாவது சேர்ந்துவிடலாம். வருடம் வீணாகாது. இதை ரிசல்ட்டுக்கு முன்னாலேயே பிள்ளையிடம் ஒரு தரம் சாதாரணமாகச் சொல்லி வையுங்கள். மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று கேட்க 14417 என்ற எண் இருக்கிறது. பிள்ளை மனம் உடைந்து இருப்பதாகப் பட்டால் 104-ஐக் கூப்பிடலாம். அந்த ஒரு வாரம் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

கடைசியாக, என் தொழிலில் இருந்து ஒன்று. பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயார் செய்யும்போது பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்துச் சரிபார்த்துக் கையெழுத்துக் கேட்பார்கள். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர். பிள்ளை கையிலேயே கொடுத்து 'போட்டுடு' என்று விட்டுவிடுகிறார்கள். அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாகும். அதை வைத்துத்தான் பாஸ்போர்ட் வரை எல்லாம். ஆதாரில் ஓர் எழுத்துக் கூடுதல், பிறப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து பின்னால், சாதிச் சான்றிதழில் முன்னால் என்று வருகிறவர்களை வாரம் முழுக்கப் பார்க்கிறேன். சான்றிதழ் வந்த பிறகு திருத்துவதற்கு அலைந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணீர் விடுவார்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு நீங்களே பள்ளிக்குப் போய், ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ரெண்டு ரூபாய்தான்.